ஒன்பதாம் நம்பர் வண்டியின் 'டக்'

அந்த கோல்ஃப் மைதானத்து ஷெட்டில் அவருக்குப் பாம்புக் காது என்று பெயர். பேட்டரி வண்டி வளைவில் திரும்பும்போதே, "மூணாம் நம்பர், பின் சக்கரத்துல பேரிங் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்கிற மெக்கானிக்குகளைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "காது எதுக்குய்யா இருக்கு, பென்சில் சொருகவா?" என்று வாரிவிடுவார். பத்தொன்பது வருஷம் அப்படியே ஓடியது.

அன்றைக்குக் காலையில் ஒன்பதாம் நம்பர் வண்டி நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒரு மணிக்கு முதலாளி வருகிறார். மேனேஜர் விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்: "அதுக்குள்ள இது ஓடணும். ஓடலன்னா ஷெட்டை வெளி கம்பெனிக்குக் கொடுத்துடுவேன். நீங்க வீட்டுக்குப் போகலாம்." ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு வேறு எவன் வேலை தருவான்?

மிதியை அழுத்தினால், சீட்டுக்கு அடியில் இருந்து மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சோலனாய்டு 'டக்' என்று அடிக்க வேண்டும். அடித்தால் சாவி, மிதி, அதுவரை வரும் வயர் எல்லாம் சரி. கோளாறு சோலனாய்டிலோ அதற்கு அப்பாலோதான். அடிக்காவிட்டால் கோளாறு அதற்கு முன்னால். அவர் அழுத்தினார். சத்தம் இல்லை. சாவி சுவிட்சை மாற்றினார். இல்லை. மிதியைப் பிரித்துப் பூட்டினார், வயர்களை முனை முனையாகச் சுரண்டினார். ம்ஹூம். மணி பன்னிரண்டு. வியர்வையில் ஸ்பேனர் வழுக்கியது. "ஒரே ஒரு தடவை பேசேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஆளில்லாத ஷெட்டில் வண்டியிடமே கெஞ்சினார்.

அங்கேயே சலவைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். இப்போதெல்லாம் இவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைச் சொன்னாலும் மூக்குக்கு நேராக வந்து நின்றுதான் சொல்வாள். "டிவியை மறைக்காதே" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறார்.

"அதான் டக்கு டக்குனு அடிக்குதே! மிதியைப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்தறீங்க?" என்றாள்.

அவர் மிதித்தார். "இப்ப?"

"அடிச்சுது."

அவளை மிதிக்கச் சொல்லிவிட்டு, சோலனாய்டின் மேல் விரலை வைத்தார். விரலடியில் துள்ளியது. காதில் ஒன்றும் இல்லை.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மூணு வருஷமா. பின்ன எதுக்கு உங்க மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கறேனாம், அழகு பாக்கவா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பழைய வண்டி ஒன்றிலிருந்து சோலனாய்டைக் கழற்றி இதில் மாட்டினார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ஒன்பதாம் நம்பர் நகர்ந்தது. மேனேஜர் எதிரில் வந்து தோளைத் தட்டினார். "பாம்புக் காதுன்னா சும்மாவா! அப்படியே அஞ்சாம் நம்பர் பிரேக்கையும் கேட்டுச் சொல்லிடுங்க. முதலாளியோட அம்மா அதுலதான் ஏறப் போறாங்க."

வேறு எதுவானாலும் அவர் சமாளித்திருப்பார். பிரேக் ஆயிற்றே. மைதானத்துச் சரிவில் வயதான அம்மாள் போகப் போகிறாள்.

"சார், எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. ஒன்பதாம் நம்பரைக் கேட்டுச் சொன்னது இவதான்" என்று பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார்.

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். இவருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நேராக அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஷெட் சாவியைக் கேக்கறாருங்க" என்றாள்.

இன்னொரு தடவை சொல்ல வைக்காமல் அவர் பைக்குள் கையை விட்டார்.