முக்கால் ஷூவும் மூன்று வேன்களும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன் ஜோதி, தோலைக் கையில் எடுத்ததுமே இதில் எத்தனை ஜோடி தேறும் என்று சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷப் பழக்கம். அப்படிப்பட்டவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் கணக்கைப் பழிவாங்கத்தானோ என்னவோ, ஷிஃப்ட் முடிந்த கையோடு தன் ஊர்ப் பள்ளியின் ஓர் அறையைத் திறந்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேருக்குச் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த அறையின் சாவி எந்நேரமும் அவள் இடுப்பில்தான் இருக்கும். நகை நட்டில்கூட அவளுக்கு அவ்வளவு பெருமை கிடையாது.

முதலில் குத்துமதிப்புதான் கற்றுக்கொடுத்தாள். பெரிய எண்ணைக் கண்டு மிரளாமல், விடை ஏறக்குறைய எங்கே வந்து நிற்கும் என்று பார்த்துவிட வேண்டும். "புள்ளிக்கு அந்தாண்ட இருக்கறதெல்லாம் வால். வால வெட்டு, அப்பறம் கணக்கப் போடு" என்பாள். பிள்ளைகளும் ஆனந்தமாக வெட்டித் தள்ளினார்கள்.

மாதத் தேர்வில் குட்டு உடைந்தது. அருகிலுள்ள முழு எண்ணைச் சொல்லச் சொன்ன பத்துக் கேள்விகளில், இருபத்திரண்டு பேருக்கும் ஒரே ஐந்து தப்பு. 6.9க்கு அத்தனை பேரும் ஆறு. 38.7க்கு அத்தனை பேரும் முப்பத்தெட்டு.

தலைமையாசிரியை அமிர்தவள்ளி விடைத்தாள் கட்டை ஜோதியின் முன் போட்டார். "ஒண்ணு பசங்க காப்பி அடிச்சிருக்கணும், இல்ல நீயே விடைய சொல்லிக் கொடுத்திருக்கணும். ரெண்டுல எது?"

"ரெண்டும் இல்ல மிஸ். எப்டி ஆச்சின்னே தெரியல."

"சனிக்கிழம ஆபீசர் வர்றார். அவரே கேட்டுப் பாக்கட்டும். அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

சாவியைக் கொடுத்துவிட்டு வந்த ஜோதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. திருட்டுப் பட்டம் கட்டியதுபோல் இருந்தது. கோபம் பிள்ளைகள் மேல், அமிர்தவள்ளி மேல், அந்தப் புள்ளியின் மேல்.

மறுநாள் கட்டிங் டேபிளில் சூப்பர்வைசர் கேட்டார்: "இந்தத் தோல்ல கணக்குப்படி ரெண்டு புள்ளி ஒம்போது ஜோடி வருது. எவ்ளோ எழுதட்டும்?"

"ரெண்டு சார்" என்றாள், யோசிக்காமல். மூன்றை ஒட்டி வந்தாலும் அது இரண்டுதான். முக்கால் ஷூவை எவனும் காலில் மாட்டிக்கொண்டு போக மாட்டான்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவள் கை நின்றுவிட்டது. அட! இருபத்திரண்டு பேரும் காப்பி அடித்தது அவளைத்தான். தோல் வெட்டும் கையோடு வந்து, பிள்ளைகள் கணக்கையும் வெட்டியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

அன்று சாயங்காலம் பூட்டிய அறைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்தாள். "தப்பு உங்க மேல இல்ல, என் மேல. இனிமே எண்ணப் பாக்கறதுக்கு முன்னாடி, இது இன்னாத்துக்கு வந்த கணக்குன்னு கேளுங்க. தோல்ல எத்தன ஜோடி வரும்னா வால வெட்டு. ஆர்டருக்கு எத்தன தோல் வேணும்னா ஒண்ணு ஜாஸ்தியாவே எடு, கம்மியானா வேல நின்னுடும். சும்மா ஒரு மதிப்பு சொல்லணும்னா எது கிட்டக்க இருக்கோ அதச் சொல்லு." சனிக்கிழமை வரைக்கும் இதேதான் பாடம். பிள்ளைகள் ஜோதியையே மடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை கல்வி அதிகாரி ராமமூர்த்தி வந்தார்; அமிர்தவள்ளியே அறையைத் திறந்துவிட்டார். எழுத்துத் தேர்வை ஒதுக்கிவிட்டு வாயாலேயே கேட்டார். 6.9க்கு "ஏழு" என்று அறை அதிர்ந்தது. அவருக்குத் திருப்தியில்லை.

"வேலூர்ல கணித விழா. ஒரு வேன்ல எட்டுப் பேர் போகலாம். பதினேழு பேருக்கு எத்தன வேன்?"

ஹம்மாத் குதித்தெழுந்தான். "ரெண்டு சொச்சம் சார்!"

"பக்கத்துல இருக்கற முழு எண் ரெண்டு. அப்ப ரெண்டு வேன், சரியா?"

கடைசி வரிசையில் இருந்து தமிழினி மெல்ல எழுந்தாள்.

"மூணு சார். ரெண்டுன்னா ஒரு புள்ள ரோட்ல நிக்கும். அது நானா இருந்தா?"

ராமமூர்த்தி அமிர்தவள்ளியின் பக்கம் திரும்பினார். "இது காப்பி அடிச்ச பதில் இல்ல மேடம். விழாவுக்கு இவங்களையே அனுப்புங்க, இருபத்திரண்டு பேரையும். மூணு வேன் சொல்லிடறேன்."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரையே பிய்ந்திருக்கும். ஜோதி அழுதாள். எல்லோர் முன்னாலும், மறைக்காமல் அழுதாள். அமிர்தவள்ளி கிட்டே வந்து சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அவசரப்பட்டுட்டேன் ஜோதி. நீ பசங்களோட போறப்ப நானும் வரட்டுமா?"

ஜோதி வாய் திறப்பதற்குள் முன்வரிசையில் இருந்த சைரா விரலை மடக்கி எண்ணிவிட்டாள். "நாங்க இருபத்திரண்டு, அக்கா ஒண்ணு, நீங்க ஒண்ணு. மூணு வேன்ல இருபத்துநாலு சீட்டு. வாங்க மிஸ், வெட்டறதுக்கு வால் எதுவும் இல்ல!"