இறங்க முடியாத நாற்காலி

பேருந்தில் பாதிக்கு மேல் இருக்கைகள் காலி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பிடரியைக் கண்ணெடுக்காமல் பார்த்து, "யாரோ அவசரத்துல கத்திய இழுத்துவிட்டிருக்காங்க, இடது பக்கம் ஏறிக் கெடக்கு" என்று தனக்குள் முணுமுணுக்கிறார். நடத்துநர் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, இவ்வளவு எடம் கெடக்கே, உக்காரக்கூடாதா?" என்று கேட்டால், "இருக்கட்டும் தம்பி, எறங்குற எடம் வந்துரும்" என்பார். அவர் இறங்குவது கடைசி நிறுத்தத்தில்.

தெருவில் அவருக்குத் 'தூண்' என்று பெயர். மரியாதை கருதி நாம் தூணார் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கடை சலூன் அவருடையது. ஒரே ஒரு நாற்காலி, அதற்கு எதிரே ஒரு கண்ணாடி, சுவரோரம் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்குகிறவரை அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீயை நின்றுகொண்டு குடிப்பார். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, தன் முகத்தைத் தானே பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிடுவார். ஆளே இல்லாத நேரத்தில்கூட நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அதன் முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பார். கேட்டால், "உக்காந்தா கை தூங்கிரும்ணே" என்பது பதில்.

ஆளை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியாது அவருக்கு. உச்சிச் சுழியைப் பார்த்தால் பிறந்த ஊர் வரைக்கும் சொல்லிவிடுவார். "மூஞ்சி மாறிக்கிட்டே இருக்கும், மீசை வரும் போகும். சுழி எங்க போகப்போகுது?" பழைய வாடிக்கையாளர் ஒருவர் சந்தையில் எதிரே வந்து வணக்கம் சொல்ல, இவர் திருதிருவென்று விழித்து, அந்த மனிதர் வருத்தத்தோடு திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகு, "அட, ரெட்டைச் சுழி! நில்லுங்க, நில்லுங்க!" என்று பின்னாலேயே ஓடியது தெருவே அறிந்த கதை.

கடையில் வாய் ஓயாது. உலக நடப்பு, பக்கத்துத் தெருச் சண்டை, தலைப்பேனுக்கு மருந்து என்று எதையும் விடமாட்டார். வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சு அதோடு சரி. "ஆச்சா?", "சரி", "கதவச் சாத்து". இந்த மூன்றை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் குடித்தனம் நடத்திவிட்டார் என்று அவர் மனைவி சொல்வாள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து, அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுக்கிறவள். அவளுக்கு உட்கார்ந்து வேலை, அவருக்கு நின்று வேலை.

கால் வீக்கத்தை முதலில் பார்த்தவள் அவள்தான். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது வார் பதிந்த தடம் பாதத்தில் அப்படியே நின்றது. கெண்டைக்காலில் நீல நரம்புகள் முறுக்கிக்கொண்டு கிளம்பியிருந்தன. "ஒண்ணுமில்ல, சூடு" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்காமல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி விழுந்தபடியே இருந்தது.

"நின்னு நின்னு நரம்பு தளர்ந்துபோச்சு. தெனமும் மத்தியானம் ஒரு மணி நேரமாவது காலை இடுப்புக்கு மேல தூக்கிவெச்சு உக்காரணும். நடுவுல எந்திரிக்கக்கூடாது. அடுத்த தடவ வரும்போது வீக்கம் வடியலேன்னா, இந்த வேலையவே விட்டுர வேண்டியதுதான். புண்ணு வந்துட்டா ஆறாது, சொல்லிட்டேன்."

தூணார் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார். தெருமுனை வந்ததும், "வேற என்ன தெரியும் எனக்கு?" என்றார். பயம் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நிற்கக்கூடாது என்றால் சலூன் கிடையாது. சலூன் இல்லையென்றால் அவர் யார் என்று அவருக்கே தெரியாது.

ஆனால் பயம் வேறு, பழக்கம் வேறு. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்காரவைத்து, முன்னால் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் இரண்டு தலையணையை அடுக்கி, காலைத் தூக்கிவைத்துவிட்டு மனைவி மெஷினுக்குப் போனாள். கேட் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தார். குழாய் சொட்டியது. எழுந்து போய் இறுக்கினார். காற்றில் காலண்டர் ஆடியது. எழுந்து போய் நிறுத்தினார். பிறகு காரணம் எதுவும் கிடைக்காததால் காரணமில்லாமலே எழுந்தார்.

"உங்களுக்குக் கீழ என்ன, ஸ்பிரிங்கா வெச்சிருக்கு?" என்று அவள் கத்தினாள்.

"உக்காந்துதானே இருக்கேன்" என்றார் அவர், நின்றபடியே.

வாரம் போனது. வீக்கம் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் வாடிக்கையாளர் ஒருவர், முடிவெட்டும்போது தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு துணி, கொஞ்சம் கயிறு, ஒரு கட்டை, மேலே ஒரு கொக்கி. வீட்டிலேயே தொங்கும் நாற்காலி செய்துவிடலாம். தூணாருக்குக் கண் விரிந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், "உனக்கு ஒரு தொங்குநாற்காலி பண்ணப்போறேன். மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலிக்குதுன்றியே" என்று அறிவித்தார்.

"நான் கேட்டேனா?" என்றாள் அவள். விஷயம் அவளுக்குப் புரியாமலில்லை. அறுப்பது, துளை போடுவது, கட்டுவது எல்லாம் நின்றுகொண்டு செய்கிற வேலை. ஆனாலும் தடுக்கவில்லை. அன்றைக்கு டாக்டர் வீட்டிலிருந்து வந்ததற்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்தது அப்போதுதான்.

கனமான கேன்வாஸ் துணி வாங்கி வந்தார். அதை என்ன நீளத்துக்கு வெட்டுவது என்பதில் தகராறு. "தோள்ல ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும் வந்தா போதும்ங்க, நாற்காலிதானே" என்றாள் தைக்கிறவள். அவர் ஒப்பவில்லை. "தலைய எங்க சாய்க்கிறது? காலு எங்க போகும்? உக்கார்றவங்களுக்குத் தலையிலேருந்து குதிகால் வரைக்கும் எடம் வேணும். நான் எத்தன பேர உக்காரவெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" அவர் உட்காரவைத்தவர்கள் எல்லோரும் அவருடைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். தலை சாய்க்கத் திண்டும் கால் நீட்டப் பலகையும் உள்ள நாற்காலி அது. "உங்க அளவு, உங்க பாடு" என்று அவள் துணியின் இரண்டு ஓரத்தையும் மடித்து, கயிறு நுழையும் அளவுக்கு இடம் விட்டு, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு பெயிண்டரிடம் ஏணி இரவல் வாங்கினார். பின்பக்க வராந்தாவின் கூரையில், வீடு கட்டும்போதே மின்விசிறிக்கென்று விட்ட இரும்புக் கொக்கி ஒன்று சும்மா இருந்தது. உருட்டுக்கட்டையின் இரு முனையிலும் துளை போட்டு, துணியின் ஓரங்களில் நுழைத்த கயிற்றை அதில் கட்டி, கட்டையைக் கொக்கியில் மாட்டினார். முன்கயிற்றைச் சற்றுக் குறைத்து இழுத்துக் கட்டினார், நன்றாகச் சாயட்டும் என்று. உயரத்துக்கு அவர் அளவுநாடா எடுக்கவில்லை. பின்னால் போய் நின்று, கையை நீட்டி, உட்கார்கிறவரின் தலை எங்கே வரவேண்டும் என்று பார்த்து முடிச்சுப் போட்டார். தண்ணீர் கேன்களை ஏற்றித் தொங்கவிட்டுப் பார்த்தார். அசையவில்லை. பெயிண்டர் ஏணியை எடுத்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்.

மனைவியை ஸ்டூல்மேல் ஏற்றி நாற்காலியில் உட்காரவைத்தார். உட்கார்ந்த கணமே அவள் மல்லாந்தாள். முகம் கூரையைப் பார்த்தது, கால் இரண்டும் இடுப்புக்கு மேலே போய்விட்டன, தரை எங்கே என்றே தெரியவில்லை. பின்னால் நின்ற தூணார், தன்னையறியாமல் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினார்.

"என்னங்க, எனக்கு ஷேவிங் பண்ணப் போறீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை காலமும் நாற்காலியைப் பின்னால் நின்று பார்த்த மனிதர், பின்னால் நிற்கிறவருக்கு வசதியாக ஒரு நாற்காலி செய்து வைத்திருக்கிறார். அவள் எழ முயன்றாள். கையை ஊன்றினால் துணி உள்வாங்கியது. காலை உதைத்தால் நாற்காலி சுற்றியது. சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. "ஏணி வரட்டும். ரெண்டு அடி எறக்கி, துணியக் குறைச்சு, ஒழுங்கா பண்ணிருவேன்" என்றார். மானம் போன மாதிரி இருந்தது அவருக்கு.

மறுநாள் மத்தியானம் அவள் உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். தப்பு எங்கே என்று பார்க்க ஸ்டூல்மேல் ஏறித் தாமே அதில் உட்கார்ந்தார் தூணார். உட்கார்ந்தது அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவர் கையில் இல்லை.

"இந்தா! இங்க வா!"

அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். ஆறடி மனிதர் துணிக்குள் மடங்கிக் கிடந்தார். வீங்கிய இரண்டு கால்களும் அவர் தலைக்குச் சமமாக மேலே இருந்தன.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? கையக் குடு."

அவள் அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு, "குடுக்கறேன். கை வேலை பாதியில நிக்குது, முடிச்சுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மெஷின் சத்தம் கேட்டது. தூணார் கூப்பிட்டார். அதட்டினார். கடை திறக்க வேண்டும் என்றார். கேட் சத்தம் கேட்டது, போகமுடியவில்லை. குழாய் சொட்டியது, சொட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் நின்றுபோனதைக் கவனித்து அவள் எட்டிப் பார்த்தாள். வாய் திறந்திருக்க, அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய் அடுத்த துணியை எடுத்தாள்.

அதன்பின் தினமும் இந்தக் கூத்துதான். தெரிந்தே போய் மாட்டிக்கொள்கிறோம் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "கயிறு தளர்ந்திருக்கான்னு பாக்கறேன்" என்பார், "முடிச்சு சரியில்ல போலருக்கு" என்பார், ஸ்டூலில் ஏறுவார், விழுவார். ஒரு மணி நேரம் ஆகும்வரை அவளுக்குக் காது கேட்காது. மெஷினை வராந்தாவுக்கே நகர்த்திக்கொண்டாள். இப்போது அவள் பேசுகிறாள், அவர் கேட்கிறார். அவருக்கு முன்னால் கூரை மட்டும்தான். தன் சலூன் நாற்காலியில் மாட்டிக்கொண்டு தன் கதைகளைக் கேட்டுத் தீர்த்தவர்களை நினைத்து அவருக்கு முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

ஒரு மத்தியானம் மெஷினை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "அன்னிக்கு டாக்டரம்மா சொன்னப்ப எனக்குக் கையெல்லாம் நடுங்கிருச்சு. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு பையை மார்போட சேத்துப் புடிச்சுக்கிட்டேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும்தான்" என்றார். வீட்டில் அவர் வழக்கமாகச் சொல்லும் மூன்றில் இது இல்லை.

மறுபடி டாக்டரிடம் போனபோது இரண்டு பேரும் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்தார். தோல் உடனே மேலெழும்பிச் சமமானது. இன்னொரு காலிலும் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா வடிஞ்சிருக்கே! வேலைய விடவேண்டாம். ஆனா இந்த மத்தியான உக்கார்ற பழக்கத்த மட்டும் விட்டுராதீங்க. அப்படி எந்திரிக்காம எதுல உக்கார்றீங்க?"

"தப்பாப் பண்ணின நாற்காலிங்க அது" என்றார் தூணார், தலையைச் சொறிந்துகொண்டு. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. "கடை இருக்கு" என்றார். "இருக்கு, இருக்கு. இப்ப வீட்டுக்கு வாங்க" என்றாள் அவள். தெருவில் போகிறவர்களின் பிடரியையெல்லாம் அவர் மறுபடி ஆசையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் பெயிண்டர் ஊரிலிருந்து வந்துவிட்டார். தூணார் ஏணியை வாங்கிவந்து வராந்தாவில் சாத்தி, விறுவிறுவென்று மேலே ஏறினார். அவர் கை முடிச்சுக்குப் போவதைப் பார்த்த மனைவி, தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, எறக்கப் போறீங்களா?"

அவர் கயிற்றின் மிச்ச நுனியைத் தேடி எடுத்தார். பழைய முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கினார்.