எருமை ஊருக்குப் போன நாள்

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுப் பெண் மகனைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். பையனின் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு கதையை யாராவது வாசித்துக் காட்ட, அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். “ஆன்ட்டி பழைய டீச்சர் அல்லே, நீங்க வாசிங்க. ஒரு நிமிஷம் மதி, போதும்” என்றாள். ஒரு நிமிஷத்தில் என்ன கதை வாசிப்பது? நரி காட்டை விட்டு வெளியே வரவே அவ்வளவு நேரம் ஆகும். இருந்தாலும் வாசித்தேன். முடித்ததும் பையன் “நெக்ஸ்ட்” என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்கள் போன பிறகும் வாசலில் அவர்கள் சாய்த்து வைத்திருந்த நனைந்த குடையின் வாடை வீட்டுக்குள் நின்றது.

அந்த வாடைதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டு வந்து, வலியசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷன் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்த காலம். டீச்சர் என்றா சொன்னேன்? இந்த மலையாளத்து ஊரில் பெண்ணானாலும் ‘சார்’தான். முதல் நாள் ஒரு வாண்டு “சாரே” என்று கூப்பிட்டபோது நான் திரும்பி யாரைக் கூப்பிடுகிறது என்று பார்த்தேன்.

நீண்ட ஹால். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மரத்தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் தமிழ். பள்ளிக்கூடம் திறப்பதும் மழை திறப்பதும் ஒரே நாளில். காலையில் வந்ததும் ஜன்னல் கம்பி முழுக்கக் குடைகளை மாட்டுவோம். பிறகு ஹாஜர். பிறகு ஸ்லேட். அதை அழிக்க மதிலோரம் முளைக்கும் நீர்த்தண்டு ஒன்றைப் பறித்து வருவார்கள். பாதி எழுத்து அழியும், மீதி உடம்பில் அப்பும். மத்தியானம் கஞ்சியும் பயறும். தட்டு கழுவி வந்து உட்கார்ந்ததும் கதை. இதில் ஒன்று முன்பின்னானாலும் பிள்ளைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

கதை என்றால் ஒரே கதை. தமிழ்ப் பாடப்புத்தகம் ஓணத்துக்கு முன்னால் வந்தால் பாக்கியம். பள்ளியில் இருந்த ஒரே தமிழ்க் கதைப்புத்தகம், ஓர் எருமை குடை வாங்கப் போவது. கடை கடையாக ஏறும், எந்தக் குடையும் முதுகை மறைக்காது, ஒவ்வொரு கடையிலும் “எனக்கு இது பத்தாது” என்று சொல்லிவிட்டு இறங்கும். அதைப் பிள்ளைகள் கூரை கிளம்புகிற மாதிரி கத்துவார்கள். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் நாலு குரல் சேர்ந்துகொள்ளும். முடிந்ததும் “இன்னும் ஒருக்கா கூட, சார்.” நான் ஒரு கடையைத் தாண்டிப் போனால் உடனே பிடித்துவிடுவார்கள். என் கனவில் எருமை வந்தது. கல்யாணமாகாத பெண்ணின் கனவில் வர வேண்டியது அதுவா?

இதற்கிடையே ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு வேண்டிய எண்ணிக்கை இல்லையென்றால் டிவிஷன் போய்விடும். அதற்காக மே மாதம் முழுக்க வலியசாலை, ஸ்ரீவராகம் தெருக்களில் வீடு வீடாகப் படியேறிப் பிள்ளை கேட்டேன். சிலர் மோர் கொடுத்தார்கள், பிள்ளை கொடுக்கவில்லை. கடைசியில், குறைந்த ஒன்றை நிரப்பியவள் கோமதி. அவள் அம்மா முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள், ஒரு வாரம் பார்ப்பேன், பிள்ளைக்குப் பிடித்தால் இருக்கட்டும், இல்லையென்றால் மலையாளத்தில் மாற்றிவிடுவேன் என்று. கோமதிக்குப் பிடித்திருந்தது. எருமை வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் திறந்துவிடுவாள்.

ஐந்தாம் நாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தொண்டை மட்டுமா, மனசும்தான். சாப்பாட்டு மணியடித்ததும் புத்தகத்தை அலமாரியின் உச்சியில் ஒளித்து வைத்தேன். பிள்ளைகள் கேட்டபோது, எருமை ஊருக்குப் போய்விட்டது, இனி வராது என்றேன். யாரும் கத்தவில்லை. அப்பாடா என்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மத்தியானம் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கோமதியின் ஸ்லேட் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வராந்தாவில் அவள் அம்மாவைப் பிடித்தேன். “வீட்டுக்கு வந்து ஒரே கரைச்சலும் அழுகையும் சார். எருமை போயாச்சாம், எருமை இல்லாத கிளாஸ் அவளுக்கு வேண்டாமாம். ஒரு வாரம்னு நான் முன்னயே சொன்னேனே” என்றாள். ரெஜிஸ்டரில் பெயர் மாறியிருந்தது. நான் ஸ்டூல் போட்டு ஏறி, ஒட்டடையோடு புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் ஆபீசர் எங்கள் வகுப்பை எண்ணி முடித்துவிட்டார். ஒன்று குறைந்தது. எருமையைப் பற்றி அவரிடம் நான் எப்படி விளக்குவது?

அன்று மத்தியானம் மறுபடியும் வாசித்தேன். முதல் கடை தாண்டுவதற்குள் தட்டியைச் சுற்றிக்கொண்டு கோமதி வந்தாள். “எருமை வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டு என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே அந்த வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். கஞ்சி குடித்தவுடன் என் வகுப்பில் உட்கார இடமிருக்காது. எண்ண வருகிறவர்கள் காலையில்தான் வருவார்கள்.

ஜூலையில் உத்தரவு வந்தது. என்னைக் கல்லாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். என் பிள்ளைகள் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அடுத்த வருஷம் தட்டியையும் எடுத்துவிட்டார்களாம். அந்தப் பள்ளியில் அதற்குப் பிறகு யாரும் தமிழில் ‘அ’ எழுதவில்லை. காலம் மாறிவிட்டது, ஜனங்கள் மாறிவிட்டார்கள் என்று எத்தனையோ காரணம் சொல்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். எனக்குத் தெரிந்தது, ஒரே ஒரு மத்தியானம் நான் வாசிக்கவில்லை.