சுகன்யா வீட்டுக் கன்சோல்

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மோகன்குமார் டெக்னீசியன். காலையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பான். மதியம் நிலையத்தைச் சாத்தினால் மறுபடி சாயங்காலம்தான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவான். கூட்டாளிகளும் குறைவு. விளையாட்டென்றால் தங்கை சுகன்யாதான் அவனுக்கு ஜோடி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதுரையில் யாரோ விற்ற பழைய வீடியோ கேம் கன்சோலை வாங்கிவந்து டிவியில் மாட்டினான். அப்போது சுகன்யா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் அதிகம். தோற்றால் கன்ட்ரோலரைத் திட்டுவாள், ஜெயித்தால் அண்ணனைக் கிண்டல் செய்வாள். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் கப்பல் விளையாட்டு ஒன்று இருவருக்கும் உயிர். அவள் சுக்கான் பிடிப்பாள், இவன் ஓட்டை அடைப்பான். "ஏண்ணே, அங்கிட்டுத் தண்ணி கொட்டுது, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அவளை நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பழனிக்குமாருக்கு உரக்கடை, தென்னந்தோப்பு. குடி, சீட்டு எதுவும் இல்லாத ஆள். சீர்ச் சாமான்களோடு கன்சோலையும் துண்டில் சுற்றி அனுப்பிவிட்டு, மோகன் தனக்கு இன்னொன்று வாங்கிக்கொண்டான்.

அவனுடைய விளையாட்டுகள் எல்லாம் இணையத்தில் வாங்கியவை. கையில் பிடித்துக் கொடுக்க ஒரு சி.டி. தட்டுகூடக் கிடையாது, எல்லாம் அவன் கணக்கில் இருந்தன. ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கன்சோலைத்தான் வீட்டுக் கன்சோலாக வைக்க முடியும். அதில் யார் வேண்டுமானாலும் விளையாடலாம், நெட்டும் தேவையில்லை. மற்ற கன்சோலில் கணக்குக்காரன் மட்டும், அதுவும் நெட் இருந்தால்தான் ஆடலாம். சுகன்யாவின் வீடு தோப்புக்குள் இருந்தது. அங்கே நெட் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அதனால் மோகன் அவளுடைய கன்சோலையே தன் வீட்டுக் கன்சோலாக வைத்தான். இப்படி வைத்ததில் ஒரே விளையாட்டை இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஆட முடிந்தது.

மதியம் அவன் சாப்பிட வரும் நேரம் அவள் மாமியார் தூங்கும் நேரம். அவள் தன் போனில் நெட்டைப் போட்டு கன்சோலுக்குக் கொடுப்பாள். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ஹெட்செட்டில் குரல் வரும். "இன்னைக்கி சோத்துக்கு என்ன வெஞ்சனம்ணே?" கப்பல் போகும், கூடவே அந்த வீட்டுக் கதையும் வரும். மாமியாருக்குச் சத்தமாகச் சிரித்தால் ஆகாது. போனில் யாரிடம் பேசினாள் என்று அவர் மாலையில் எடுத்துப் பார்ப்பார். அவர் என்றால் பழனிக்குமார். அதைச் சொல்லும்போதும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு புள்ளி எரிவது குறைந்தது. ஒரு மாதம் எரியவே இல்லை. மோகன் போன் செய்தால் அவள் "நல்லாருக்கேன்ணே, அடுப்புல வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவாள்.

ஒரு மதியம் பச்சைப் புள்ளி எரிந்தது. சோற்றுக் கையோடு ஹெட்செட்டை மாட்டினான்.

"சுகி, எங்கத்தா போன இம்புட்டு நாளா?"

"யாருங்க?" என்றது ஓர் ஆண் குரல். "நா விக்னேசுங்க. அண்ணியோட கொழுந்தன். அண்ணி இதெல்லாம் இப்ப ஆடறதில்லைங்க."

மோகன் சரி என்று சொல்லிவிட்டுக் கழற்றினான்.

அன்றிலிருந்து தினமும் சுகன்யா பெயரில் பச்சைப் புள்ளி எரிந்தது. பார்த்ததும் அவன் டிவியை அணைத்தான். அம்மா ஒச்சம்மாளிடம் சொன்னான். "கல்யாணமானவ டிவி முன்னாடி ஒக்காந்துக்கிட்டு இருக்க முடியுமாடா? அவுக வீட்டு வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல" என்றாள் அம்மா.

அவன் கையில் ஒன்றுதான் இருந்தது. கணக்குக்காரன் நினைத்தால் இங்கிருந்தே வீட்டுக் கன்சோலை நீக்கலாம். நீக்கினான். அங்கே விளையாட்டுகள் பூட்டிக்கொண்டால் அவளைத்தான் பேசச் சொல்வார்கள், அந்தச் சாக்கில் நாலு வார்த்தை பேசலாம் என்று நினைத்தான்.

நினைத்தபடியே மறுநாள் பழனிக்குமார் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது சுகன்யா. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், பக்கத்தில் யாரோ செருமினார்கள்.

"அண்ணா, கேம் எல்லாம் பூட்டிக்கிச்சாம். கொஞ்சம் சரி பண்ணித் தர முடியுமாங்ண்ணா?"

அண்ணே என்று கூப்பிட்டவள் இப்போது அந்த வீட்டார் பேச்சில் அண்ணா என்கிறாள். "பாஸ்வேர்டு அந்த மெஷின்லதான் போடணும். ஞாயித்துக்கெழமை வாரேன்" என்றான்.

நெய்க்காரப்பட்டியில் வரவேற்புக்குக் குறையில்லை. "வாங்க மச்சான், உக்காருங்க. போன்ல சொன்னா நாங்களே போட்டிருப்போமுங்களே" என்றார் பழனிக்குமார். கன்சோல் இப்போது கூடத்தில் இருந்தது. விக்னேஷ்குமார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மோகன் பாஸ்வேர்டைப் போட்டான். விளையாட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. சுகன்யா காபி கொண்டுவந்து வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தாள். முகத்தில் அடியோ வாட்டமோ ஒன்றும் இல்லை. கேட்பதற்குப் பிடி கிடைக்காத முகம்.

"அண்ணனும் தங்கச்சியும் ஒரு ஆட்டம் ஆடுங்களே" என்றார் பழனிக்குமார். கேலியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

மோகன் இரண்டாவது கன்ட்ரோலரை அவள் பக்கம் நீட்டினான். அவள் உள்ளே மாமியார் இருந்த பக்கம் பார்த்தாள்.

"வேண்டாமுங்க, எனக்கு மறந்துபோச்சு" என்று கணவனிடம் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

நீட்டிய கன்ட்ரோலரை விக்னேஷ்குமார் வாங்கிக்கொண்டான். "மாமா, ஒரு ரவுண்டு?" மறுக்கத் தெரியாமல் மோகன் அவனோடு ஆடினான். பையன் நன்றாகவே ஆடினான்.

கிளம்பும்போது வாசலில் கொஞ்ச நேரம் அவள் தனியாக நின்றாள்.

"நல்லாத்தான இருக்க?"

"நல்லாருக்கேன்."

"மறுபடியும் அதப் பூட்டி விட்டுரவா, சுகி?"

"வேணாம்ணே. அப்பறம் அதுக்கும் என்னையத்தான் கேப்பாக." சொல்லிவிட்டு, மாமியார் செருப்புச் சத்தம் கேட்டதும் குரலை மாற்றினாள். "அம்மாவ மாத்திரைய விடாமச் சாப்பிடச் சொல்லுங்கண்ணா."

பழநியில் பஸ் மாறி வீடு சேர்ந்தான். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"எளச்சுட்டாளா?"

"இல்ல."

"மாப்ள நல்லாப் பேசுனாரா?"

"பேசுனாரு."

"பெறகு என்னடா?" என்றாள் அம்மா.

மோகன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கைலி மாற்றப் போனான்.