ஏழாம் நம்பரின் இரண்டரை சதவீதம்

நாற்பத்தொன்பது வயதில் அவருடைய நாற்காலியைக் கழற்றிவிட்டார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, திருகாணியோடு கழற்றினார்கள். விமானிகள் இருவருக்கும் பின்னால் உட்கார்ந்து எஞ்சினையும் எரிபொருளையும் கவனித்துவந்த பொறியாளர் அவர். வழி, உயரம், எரிபொருள் என எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பெட்டியே பார்த்துக்கொள்ளும் விமானங்கள் வந்தபின் மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை.

விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹாங்கருக்குப் பின்னால் ஒரு மேசை கொடுத்தார்கள். இறங்கும்போது இவ்வளவு எரிபொருள் மிஞ்சும் என்று பெட்டி சொன்னதையும், உண்மையில் மிஞ்சியதையும் ஒப்பிடும் வேலை. ஓராண்டாகத் தப்பு எதுவும் அகப்படவில்லை. மாதக் கடைசியில் மேசையையும் எடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஏழாம் நம்பர் விமானம் அவர் கண்ணை உறுத்தியது. ஆறு பயணம். ஆறிலும் பெட்டி சொன்னதைவிட ஐந்நூறு, அறுநூறு கிலோ குறைவு.

"எதிர்காத்து சார் அது," என்றார் மேலாளர்.

"காத்துன்னா ஒரு நாளாவது நம்ம பக்கம் அடிக்கணுமே."

"ரெண்டு பெட்டி இருக்கு. ரெண்டும் ஒரே எண்ணைத்தான் சொல்லுது."

"அதான் எனக்கு இன்னும் சந்தேகம். ரெண்டுலயும் ஒரே தப்பைப் போட்டிருந்தா?"

"உங்க சீட்டைப் பிடுங்கினதுலேர்ந்து பெட்டி என்ன சொன்னாலும் உங்களுக்குப் பொய்தான்."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

மனைவியின் தம்பி அதே ஹாங்கரில் மேற்பார்வையாளன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனிடம் மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, ஏழாம் நம்பர்ல கை வச்சீங்களா?"

"ரெண்டு பெட்டியையும் புதுசா மாத்தினோம். ஏன் மாமா?"

"பழசுல ரெண்டரை சதவீதம் போட்டிருந்தது. புதுசுல போட்டீங்களா?"

விமானத்துக்கு வயதானால் எஞ்சின் கூடுதலாக எரிபொருள் குடிக்கும். எவ்வளவு கூடுதல் என்பது பெட்டிக்குத் தானாகத் தெரியாது, ஆள்தான் தட்டிப் போடவேண்டும்.

மைத்துனன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "பெட்டி மாத்துற படிவத்துல அப்படி ஒரு வரியே இல்லையே."

"அப்ப போடல."

"என் தம்பியை மாட்டிவிட்டுத்தான் உங்க மேசையைக் காப்பாத்திக்கணுமா?" என்றாள் மனைவி.

"மேசைக்காக இல்ல," என்றார். சொல்லி முடித்ததும் அதிலும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை அவர் அறிக்கையோடு போனபோது, மைத்துனன் ஏற்கெனவே மேலாளர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். தானே சொல்லிவிட்டான். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். சதவீதம் இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம். போகவேண்டிய ஊரில் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்ப நேர்ந்திருந்தால், இருக்கிறதென்று விமானிகள் நம்பிய எரிபொருள் இருந்திருக்காது. மேலாளர் படிவத்தை எடுத்துவரச் சொன்னார்.

படிவத்தில் ஒரு வரி ஏறியது, இரண்டு கையெழுத்தோடு. எண்ணைப் போட்டவருடையது ஒன்று, சரிபார்த்தவருடையது ஒன்று. சரிபார்க்கும் வேலை அவருக்கு வந்தது, மேசை தப்பித்தது.

அடுத்த வாரம் நான்காம் நம்பருக்குப் பெட்டி மாற்றிவிட்டு மைத்துனன் படிவத்தை நீட்டினான்.

"நானே நின்னு போட்டேன் மாமா. கையெழுத்துப் போடுங்க."

"நீ போட்டியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு விமானத்தைப் பார்க்க நடந்தார்.