கேட்டு நடந்த வழி

இளஞ்செழியனுக்கு வேலை கொடுத்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அவன் கச்சிராயபாளையத்தில், வீட்டு மாடி அறையில், கல்வராயன் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று மேசையைத் திருப்பிப் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. மலை கண்ணில் படவில்லையே என்று ஒரு நாளும் அவன் வருத்தப்பட்டதில்லை. அவன் பார்க்கிற குன்றெல்லாம் வேறு தேசத்தில் இருந்தன.

அந்தக் கம்பெனி விற்றது நடையை. ஆமாம், காலால் நடக்கிற நடைதான். காலையில் ஒரு விடுதியில் கிளம்பி வயல், ஓடை, குன்று என்று பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, சாயங்காலம் அடுத்த ஊர் விடுதியில் போய்ப் படுப்பார்கள். பெட்டியை மட்டும் வேனில் கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுவார்கள். இப்படி ஒரு வாரம் கால் கடுக்க நடப்பதற்கு விடுமுறை என்று பெயர். நடப்பவர் கையில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மரப்படியில் ஏறி வேலியைத் தாண்டுங்கள், கல்சுவர் உங்கள் இடது கைப்பக்கம் வரட்டும், ஆடுகள் நிற்கும், பயப்படாதீர்கள் என்று அடிக்கு அடி வழி சொல்லும். நடந்து முடித்தவர்கள் எழுதி அனுப்பும் குறைகளைப் படித்து அந்தப் புத்தகத்தைத் திருத்துவதுதான் இளஞ்செழியனின் வேலை. எந்த வயலில் ஐப்பசி பிறந்ததும் சேறு கணுக்காலுக்கு வரும், எந்தக் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். விமானத்தில் ஏறியதில்லை.

ஊரில் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் பச்சமுத்துவுக்கு அவனைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"ஏன் செழியா, அவங்க ஊர்ல அவங்களுக்கே வழி தெரியாதா? இங்கேர்ந்து நீ சொன்னாத்தான் நடப்பாங்களா?"

"அப்படித்தான்ண்ணே."

"நடக்கறதுக்குக் காசு வேற குடுக்கறாங்களா? நம்ம ஊர்ல ஒருத்தன் நடந்து போனா, பஸ்ஸுக்குக் காசில்லன்னு அர்த்தம்."

இளஞ்செழியனும் சேர்ந்து சிரிப்பான். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

அவனுக்கென்று இருந்த வழி கோமுகி வாய்க்கால் பக்கம் இருந்தது. அப்பா கொளஞ்சியப்பன் விட்டுப்போன இரண்டு ஏக்கர் கரும்புக் கொல்லை அங்கேதான். தார் ரோட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில் தனசேகரனின் நிலம். அதன் தென்வரப்பை ஒட்டி ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண்பாதை ஓடியது. தாத்தா காலத்தில் மாட்டு வண்டி போனது, அப்பா காலத்தில் டிராக்டர் போனது. மற்ற மூன்று பக்கமும் வாய்க்காலும் அடுத்தவர் நடவும். அந்தப் பாதை இல்லாவிட்டால் கரும்பை வெட்டலாம், வெளியே கொண்டுவர முடியாது.

தனசேகரன், இளஞ்செழியனின் அப்பாவுக்கு மச்சான் முறை. தை மாதம் வெட்டுக்கு ஆள் இறங்குவதற்கு முன்னால் அப்பா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார். "மச்சான், வண்டி போவணும், வழி வுடுங்க" என்பார். "எடுத்துக்கினு போ மச்சான், இதுக்கு இன்னாத்துக்கு வெத்தல" என்று சொல்லிக்கொண்டே தனசேகரன் தட்டை வாங்கிக்கொள்வார். அதற்கு முன்னால் தனசேகரனின் அப்பாவும் இப்படித்தான் வாங்கிக்கொண்டார். இல்லை என்ற பதில் வரும் என்று நினைத்து யாரும் கேட்டதில்லை. வீடு தேடி வந்து கேட்டான் என்கிற மரியாதை, அவ்வளவுதான். ஊரில் பாதிக் கொல்லைகளுக்கு இப்படித்தான் வழி.

அப்பா ஒரு புரட்டாசியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்த மார்கழியில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியது இளஞ்செழியனுக்கு மேலே இருந்த ஹெலன் என்கிற அம்மாள். எங்கோ ஒரு விவசாயி தன் வயல் வழியாகப் போகும் பாதையைக் கேட் போட்டு அடைத்துவிட்டார், நீ புத்தகத்தில் எதையும் மாற்றாதே, அவர்தான் கேட்டை எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். கூடவே அங்கத்துச் சட்டத்தையும் விளக்கியிருந்தாள். ஜனங்கள் ஒரு வழியில் இருபது வருஷம் நடந்துவிட்டால் அது ஜனங்களின் வழி. மண் யாருடையதாக இருந்தாலும் சரி.

இளஞ்செழியன் அதை மூன்று தரம் படித்தான். இருபது வருஷத்துக்கே இப்படி என்றால், அறுபது வருஷமாக வண்டி போகிற தங்கள் பாதைக்கு என்ன பேச்சு? படித்தவன் அல்லவா, தலைக்கு ஏறிவிட்டது.

தை பிறந்து, கரும்பை வெட்டலாம் என்று சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டரும் வந்தது. அவன் மனைவி ஜெயசுதா தட்டைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்தாள்.

"ஒரு நடை அவங்க வூட்டுக்குப் போய் வெத்தல பாக்கு வச்சிட்டு வந்துடுங்க."

"எதுக்கு? நம்ம வழிக்கு நாம ஏன் போய்க் கேட்டுக்கினு நிக்கணும்?"

"கேட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"கேக்கறதே தப்பு ஜெயா. உனக்கு அதெல்லாம் புரியாது."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டீக்கடையில் நாலு பேர் முன்னால் இங்கிலாந்துச் சட்டத்தை எடுத்துச் சொன்னான். இனிமேல் யார் வீட்டிலும் தட்டோடு போய் நிற்கப்போவதில்லை என்றும் சொன்னான். டீ ஆறுவதற்குள் அது தனசேகரன் காதுக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் பாதை இல்லை. தென்வரப்பு வரைக்கும் டிராக்டர் விட்டு உழுது, ரோட்டோரமாகக் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தார்கள். தனசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா மாமா இது?" என்றான் இளஞ்செழியன்.

"என் நெலத்த நான் ஓட்டறேன் மாப்ள."

"கரும்பு வெட்டணும் மாமா. வண்டி எப்படிப் போவும்?"

"உங்கப்பன் கேட்டான், வுட்டேன். நீதான் கேக்க மாட்டியாமே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அந்த நிமிஷமே காலைப் பிடித்திருந்தால் ஒருவேளை கம்பி அவிழ்ந்திருக்கும். இளஞ்செழியன் தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினான்.

அங்கே சர்வேயர் புலப்படத்தை விரித்துக் காட்டினார். நிலங்களுக்கு எல்லைக்கோடு இருந்தது, வாய்க்காலுக்குக் கோடு இருந்தது. பாதைக்குக் கோடு இல்லை. அளக்க வந்த காலத்தில் உறவுக்காரன் நிலத்தில் வழியைக் கோடு போட்டுக் காட்டச் சொல்வதா என்று தாத்தா கூச்சப்பட்டிருப்பார். "படத்துல இல்லாதத நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார், கோர்ட்டுக்குப் போங்க" என்றார் சர்வேயர். தப்பு சொல்ல முடியாது.

கோர்ட்டுக்குப் போனான். வழி தன் உரிமை என்று ஒரு வழக்கு, அதோடு வெட்டு முடியும்வரைக்குமாவது பாதையைத் திறந்துவிடச் சொல்லி ஒரு மனு. அதை அவனே இங்கிலீஷில் எழுதினான். வழியைப் பற்றி எழுதுவதற்கு அந்த ஜில்லாவில் அவனைவிட ஆள் யார்? அவன் பிடித்த வக்கீல் மேலாகப் புரட்டிவிட்டு, நன்றாக இருக்கிறது, திருத்தவே வேண்டாம் என்றார். ஆறாவது பத்தி அவனுக்கே மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் என் தந்தை வெற்றிலை பாக்கு வைத்து வழி கேட்பார், எதிர்மனுதாரரும் மனமுவந்து கொடுப்பார், இப்படி அறுபது வருஷமாக இரண்டு குடும்பமும் ஒற்றுமையாக இருந்தோம். ஜட்ஜ் படித்தால் மனசு இளகும் என்று நினைத்தான்.

விசாரணைக்குத் தேதி தள்ளிக்கொண்டே போனது. கட்டிங் ஆர்டரின் நாளும் தாண்டியது. வெட்டு மேஸ்திரி வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். "தலச்சுமையா வாய்க்கா கரையைச் சுத்தி எடுத்துக்கினு போவணும்னா ஆள் வராதுங்க" என்று சொல்லிவிட்டு வேறு கொல்லைக்குப் போனார். மாசியில் கரும்பு பூத்துவிட்டது. பூத்த கரும்பு எடை இறங்கும். உள்ளே சாறு வற்றி நெட்டி பாய்ந்துகொண்டே போகும்.

அதற்கு நடுவில் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வயதான தம்பதி எழுதியிருந்தார்கள். புத்தகத்தில் சொன்ன இடத்தில் பாதையே இல்லை, வயல் முழுக்க உழுது கிடந்தது, திரும்பிப் போய்விட்டோம், விடுமுறை கெட்டுவிட்டது என்று. இதற்குக் கம்பெனியில் வழக்கமான பதில் ஒன்று உண்டு. இளஞ்செழியன் அதைப் புத்தகத்தில் சேர்த்தான். விவசாயி உழலாம், ஆனால் பதினான்கு நாளுக்குள் பாதையைத் திரும்பப் போட்டுத் தர வேண்டும், எதிரே தெரியும் ஓக் மரத்தைப் பார்த்துத் தயங்காமல் நேராக நடங்கள், வழி உங்களுடையது. கடைசி வார்த்தையை அடிக்கும்போது அவனுக்கு அழுகை வந்தது. ஜெயசுதா மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை வழக்கு எடுத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் பேசவில்லை. மனுவை விரித்து ஆறாவது பத்தியை மட்டும் நிதானமாகப் படித்தார். அவன் எழுதிய இங்கிலீஷ் அங்கே கேட்கவும் அழகாகத்தான் இருந்தது.

"உரிமையிருக்கற வழிக்கு எதுக்குங்க வருஷா வருஷம் அனுமதி?" என்றார் அவர்.

ஜட்ஜ் இளஞ்செழியனைப் பார்த்தார். "உங்கப்பா ஒவ்வொரு வருஷமும் போய்க் கேட்டாரா?"

"கேட்டாருங்க ஐயா. அது மரியாதைக்கு..."

"கேட்டாரா, இல்லையா?"

"கேட்டாருங்க."

கேட்டு வாங்கியது சலுகை, எத்தனை வருஷம் வாங்கினாலும் சலுகைதான், அதைக் கொடுத்தவர் நிறுத்திக்கொள்ளலாம். மனு தள்ளுபடி. அசல் வழக்கு அதுபாட்டுக்கு நடக்கட்டும் என்றார்கள். அது முடிய எத்தனை வருஷமோ.

வீட்டுக்கு வந்ததும் ஹெலனின் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தான். எல்லாம் அதிலேயே இருந்தது. ஜனங்கள் பலவந்தம் செய்யாமல், ஒளிந்து போகாமல், அனுமதி கேட்காமல் இருபது வருஷம் நடந்திருந்தால் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். அனுமதி கேட்காமல் என்பதை அவன் ஒரு வீறாப்பு என்று படித்திருந்தான். நிபந்தனை என்று படிக்கவில்லை. அந்த ஊரில் மரியாதைக்குப் போய்க் கேட்பவன் இல்லையோ என்னவோ. அப்பா பாவம், அறுபது வருஷத்தில் தன் பங்குக்கு முப்பத்தைந்து தரம் தட்டேந்திப் போய்த் தன் வழியைத் தானே இல்லாமல் ஆக்கியிருக்கிறார். அதை எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டவன் மகன். அவனுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை யாரும் சொல்லாமலே தட்டை எடுத்துக்கொண்டு தனசேகரன் வீட்டுக்குப் போனான். அவர் நாற்காலி போடச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார். தட்டைத் தொடவில்லை.

"மாமா, நான் பேசுனது தப்புதான். வழி வுடுங்க."

"எனக்கும் மனசு கேக்கல மாப்ள. ஆனா வக்கீலு சொல்லிட்டாரு. கேஸ் நடக்கறப்ப இத வாங்கிக்கினு வண்டிய வுட்டா, பாத இருக்குதுன்னு நாளைக்கு அதுவே சாட்சியா வந்து நிக்குமாம். எடுத்துக்கினு போயிடு."

"அப்ப கரும்பு?"

"கொல்லைய எனக்கே குடுத்துடேன். நீ மாடியில ஒக்காந்து சம்பாதிக்கறவன். உனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

இளஞ்செழியன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தான். கொல்லையை வாங்க வேறு ஆள் பார்த்தான். மூன்று பேர் வந்து பார்த்தார்கள், மூவரும் முதலில் வழி எங்கே என்றுதான் கேட்டார்கள். சித்திரை வெயிலில் கரும்பு நின்றபடியே காய்ந்து தோகை வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ஒரு நாள் மத்தியானம் அது தீப்பிடித்து எரிந்தது. எவனோ பீடியைப் போட்டிருக்க வேண்டும், வேண்டுமென்று செய்ததாக அவனுக்கே தோன்றவில்லை. தீயணைப்பு வண்டி ரோட்டோடு நின்றுவிட்டது. உள்ளே வர வழியில்லை. முள்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று புகை அடங்கும்வரை பார்த்துவிட்டு அவனும் ஜெயசுதாவும் வீட்டுக்கு நடந்தார்கள். "குடுத்துடலாங்க" என்றாள் ஜெயசுதா. அவன் சரி என்றான்.

வைகாசியில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே, பத்திரம் எழுதுபவர் கடையில் உட்கார்ந்தார்கள். ஊர் விலையில் பாதிக்குப் பேச்சு முடிந்திருந்தது. வழக்கையும் வாபஸ் வாங்கியாகிவிட்டது. தாத்தா வழியாக வந்த நிலம் என்பதால் அதற்கு இதுவரை பத்திரம் என்று ஒன்று இருந்ததில்லை. இதுதான் முதல் பத்திரம். எழுதுபவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே ராகத்தில் வாசித்துக்கொண்டே போனார்.

"...மேற்படி நிலத்துக்கு உண்டான மாமூல் வண்டிப்பாதை, வழிநடை பாத்தியம், வாய்க்கால் தண்ணீர் பாத்தியம் சகிதம் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது..."

"அந்த எடத்த இன்னொரு வாட்டி படிங்க" என்றான் இளஞ்செழியன்.

அவர் படித்தார்.

"வண்டிப்பாதைய எடுத்துடுங்க. அப்படி ஒண்ணு கெடையாதுன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டாங்க."

"எல்லாப் பத்திரத்துலயும் போடற வரி சார் அது. எடுக்கறதில்ல."

தனசேகரன் அவன் தோளில் கை வைத்தார். நல்ல மாதிரியாகவே சொன்னார்.

"இருக்கட்டும் வுடு மாப்ள. நாளைக்கு நானே விக்கணும்னா, வழி இல்லாத நெலத்த எவன் வாங்குவான்?"

பேனாவை நீட்டினார்கள். பத்திரம் ஏழு பக்கம் இருந்தது. இளஞ்செழியன் பக்கத்துக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். அந்த வரி இருந்த பக்கத்திலும் போட்டான்.