கால் ஊன்றக் கூடாத ஆறு

இராசில்டா பெனிடெஸ் பத்தொன்பது ஆண்டுகளாகப் போனிட்டோ என்ற ஊரின் ஆற்றில் சுற்றுலாப் பயணிகளை மிதக்கவிட்டு அழைத்துப் போனவள். கண்ணாடி மாட்டி முகம் கவிழ்த்துப் படுத்தால் இருபது மீட்டர் தள்ளி வரும் மீனின் செதில் தெரியும். அங்கே ஒரே சட்டம்: அடியில் கால் படக் கூடாது, வண்டல் கிளம்பும். இரண்டாம் முறை ஊன்றியவரைக் கரையேற்றிவிடுவாள். ஒருமுறை நீதிபதி ஒருவரையே ஏற்றினாள்.

ஆற்றுக்கு மேலே மேட்டில் சோயா வயல். விதைக்கும் இயந்திரம் நேராக ஓட வேண்டுமென்று, சரிவின் குறுக்கே இருந்த மண்வரப்புகளை மூன்று வருடம் முன்பு உழுது தள்ளினார்கள். அதன்பின் ஒவ்வொரு மழையும் அந்த மண்ணை மாவாகச் சலித்து ஆற்றில் கொட்டியது. அது கல்லிடுக்குகளை அடைத்தது. அங்கே இட்ட முட்டைகள் மூச்சின்றி அழுகின. பாசி சுரண்டித் தின்னும் மீன்கள் சேற்றைச் சுரண்டின. கல்லைத் தொட்டால் சளிபோல் விரலில் ஒட்டியது.

வயல்காரன், அவள் வேலை பார்த்த துறையின் முதலாளி ஒஸ்மாயிரின் மைத்துனன். அதனால் இராசில்டா மூன்று வருடம் வாய் திறக்கவில்லை. அதை நான் பொறுமை என்று சொல்ல மாட்டேன்.

தினமும் காலையில் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளந்து பலகையில் எழுதுவது அவள் வேலை. பத்து மீட்டருக்குக் குறைந்தால் துறையை மூட வேண்டும். போன நவம்பரில், மழை விட்ட மறுநாள், அளந்தது இரண்டு. பேருந்து வந்து நிற்கிறது, பன்னிரண்டு என்று எழுது என்றார் ஒஸ்மாயிர். எழுதினாள்.

மிதந்து போகையில் பாதி வழியில், சாவோ பாலோவிலிருந்து வந்த பல் மருத்துவர் எழுந்து நின்றார். பழக்கத்தில் அதட்டினாள்: "கால எடுங்க சார். ஆறு கலங்கிடும்."

அவர் மார்பில் வழிந்த பழுப்பைத் துடைத்தார். "ஏம்மா, இதுக்கு மேல கலங்க இதுல என்ன இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு முகக் கண்ணாடியைக் கழற்றினாள். அத்தனை பேரையும் கரையேற்றி, வயல் நீர் ஆற்றில் விழும் வாய்க்கால் முனைக்கு நடத்திப் போனாள்.

"பலகையில எழுதினது பொய். எழுதினது நான்தான்," என்றாள்.

ஒஸ்மாயிர் மூச்சிரைக்க வந்தார். "என் மச்சான் நெலம். அவன் இஷ்டத்துக்கு உழுவான். உனக்கென்ன?"

"அவரு நெலமெல்லாம் இங்கதான் கெடக்கு. வந்து அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க."

அன்றே வேலை போயிற்று. வேறு எந்தத் துறையும் அவளைச் சேர்க்கவில்லை. பல் மருத்துவர் மட்டும், குளித்த பிறகும் காதிலிருந்து மண் வருகிறதென்று துறையின் வரவேற்பறையில் புகார் எழுதிக் கொடுத்தார்.